அட்டையில் எழுதிய பிரெஞ்சு

போன வாரம் குளியலறைப் படியில் கால் பிசகி விழுந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. கணுக்கால் வீங்கி, இரண்டு நாள் நொண்டி, வீட்டில் எல்லாரிடமும் ஏச்சு வாங்கியதோடு சரி. மருந்துக் கடையிலிருந்து ஒரு சுருள் பேண்டேஜ் துணி வாங்கி வந்தார்கள். உறையைக் கிழித்ததும் வந்த வாசனையில் கால்வலியை மறந்துவிட்டேன். பிளீச்சிங் பவுடரும் வெயிலும் கலந்த அந்த வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ராஜபாளையத்துக்கும் சத்திரப்பட்டிக்கும் நடுவில் வளர்ந்தவர்களுக்கு அதுதான் வீட்டு வாசனை.

உறையின் மேல் நான்கைந்து மொழிகளில் எழுதியிருந்தது. அதில் ஒன்று பிரெஞ்சு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். உலர்ந்த இடத்தில் வைக்கவும், உறை கிழிந்திருந்தால் பயன்படுத்த வேண்டாம். எல்லாம் புரிந்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை. பிரெஞ்சில் நான் எப்போதும் இப்படித்தான். கண்ணும் கையும் வேலை செய்யும், வாய் மட்டும் லீவு போட்டுவிடும். இத்தனைக்கும் ஒரு காலத்தில் அந்தப் பாடத்தில் மாவட்டத்திலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். சிரிக்காதீர்கள். அந்த மதிப்பெண் என்னை நான்கு வருடம் பூட்டி வைத்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்பா ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். கம்பெனிக்குப் பின்னாலேயே வேலைக்காரர்களுக்கென்று வரிசையாக வீடுகள் கட்டிவிட்டிருந்தார்கள். எங்களுடையது மூன்றாவது. வாசலில் நின்றால் முள்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வெளுத்த துணி பாத்தி பாத்தியாகக் காய்ந்துகொண்டிருக்கும். அதற்கும் அப்பால் மேற்கே மலை. மழை வருமா வராதா என்று மலையைப் பார்த்துச் சொல்லிவிடுவார் அப்பா. துணி காய வேண்டுமே, அவருக்கு அதுதான் கவலை. கம்பெனி முதலாளியே எங்கள் மெட்ரிக் பள்ளிக்கூடத்துக்கும் கரஸ்பாண்டென்ட். ஆக வீடும் அவருடையது, அப்பாவின் வேலையும் அவருடையது, நான் படித்த பெஞ்சும் அவருடையது. சிறு வயதில் அது பெரிய பாதுகாப்பாகத் தெரிந்தது. சுவர் எப்போதுமே முதலில் பாதுகாப்பாகத்தான் தெரிகிறது.

எங்கள் பள்ளிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளி ஒன்றுக்கும் ஒரு பகை உண்டு. கபடி, கட்டுரைப் போட்டி என்று எதிலாவது மோதிக்கொண்டே இருப்போம். ஆனால் பிளஸ் டூ மொத்த மதிப்பெண்ணில் மட்டும் அவர்களை எட்டவே முடியவில்லை. காரணத்தை யாரோ முதலாளியின் காதில் போட்டார்கள். அங்கே தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுக்கிறார்களாம். தமிழில் முக்கி முக்கிப் படித்தாலும் திருத்துகிறவர் இருநூறுக்கு நூற்று அறுபதுக்கு மேல் தரமாட்டார். பிரெஞ்சோ அரிச்சுவடி. ஆனா ஆவன்னாவில் தொடங்கி இரண்டே வருடத்தில் பரீட்சை, கண்ணை மூடிக்கொண்டு நூற்றுத் தொண்ணூறு போடலாம். இது தெரிந்த பிறகு முதலாளி சும்மா இருப்பாரா? எண்பதுகளின் பின்பாதியில் ஒரு ஜூன் மாதம், பதினொன்றாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்துப் பிரெஞ்சில் உட்கார வைத்தார்கள். எனக்குத் தமிழ் பிடிக்கும் என்பதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அன்றைக்கே எனக்கு நல்ல பயிற்சி.

வகுப்பறை என்று தனியாக ஏது? விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கும் அறைதான். காற்றுப்போன பந்துகள், உடைந்த ஹர்டில்ஸ், தேங்காய்நார் பாய், ஒரே ஒரு ஜன்னல். எதிர் வரிசையில் தமிழ் வகுப்பு நடக்கும். அங்கே தமிழய்யா ஏதோ சொல்ல நாற்பது பிள்ளைகளும் கொல்லென்று சிரிப்பார்கள். நாங்கள் எட்டுப் பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்போம். எதற்குச் சிரித்தார்கள் என்று மத்தியானம் சாப்பிடும்போது கேட்டால், "அது அங்க இருந்தாத்தான் புரியும்" என்பார்கள்.

பிரெஞ்சு நடத்த வந்தவர் பத்திநாதன் சார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் வருவார். எங்கேயோ கணக்கராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பிரெஞ்சை எங்கே கற்றார் என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. அவர் ஒரு வாக்கியத்தையாவது வாய்விட்டு வாசித்து நான் கேட்டதில்லை. சைக்ளோஸ்டைல் எடுத்த தாள்களைக் கொடுப்பார், பார்த்து எழுதச் சொல்வார், பார்க்காமல் எழுதச் சொல்வார், எழுத்துக்கு மேல் போடும் சின்னச் சின்னக் கோடுகள் விட்டுப்போனால் சிவப்பு மையால் சுழிப்பார். ஒருத்தி கேட்டேவிட்டாள், இதையெல்லாம் எப்படிச் சார் உச்சரிக்கிறது என்று.

"உச்சரிப்புக்கு மார்க் கெடையாதும்மா" என்றார் சார்.

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. எங்கள் பள்ளியில் பிரெஞ்சு சத்தமே இல்லாத மொழியாக இருந்தது. சாருக்கு ஒரு சூத்திரம் உண்டு. எந்தக் கட்டுரை வந்தாலும் முதல் வரி ஒன்றேதான்: இன்று வானிலை நன்றாக இருக்கிறது. உல்லாசப் பயணமா, வானிலை நன்றாக இருக்கிறது. என் நண்பனா, வானிலை நன்றாக இருக்கும் ஒரு நாளில் அவனைச் சந்தித்தேன். புயலைப் பற்றிக் கேட்டால் என்ன சார் செய்வது என்றதற்கு, புயலுக்கு முந்தின நாள் நன்றாக இருந்தது என்று எழுதச் சொன்னார். தப்பில்லாத முதல் வரிக்குத் திருத்துகிறவர் மயங்கிவிடுவார் என்பது அவர் கணக்கு. கணக்கு பலிக்கவும் செய்தது. நான் நூற்றுத் தொண்ணூற்று நான்கு வாங்கினேன். மாவட்டத்தில் பிரெஞ்சு எழுதியதே ஒரு பஸ்ஸில் அடங்கிவிடக்கூடிய கூட்டம்தான் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தோற்கடித்தாயிற்று. பள்ளி வாசலில் கரும்பலகை வைத்துப் பெரிய எழுத்தில் என் பெயர். முதலாளி அப்பாவை அழைத்துத் தோளில் தட்டினாராம். அன்று முழுக்க அப்பா அந்தத் தோளைத் துடைத்துக்கொள்ளவே இல்லை என்று அம்மா கேலி செய்வாள்.

எனக்கு உயிர் கணக்குப் பாடத்தில் இருந்தது. மதுரையில் ஒரு மகளிர் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம், ஹாஸ்டலில் இடம், எல்லாம் கிடைத்துவிட்டது. அப்பா ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி, கம்பெனியில் அட்டைப்பெட்டிக்கு முகவரி எழுதும் ஆளைக்கொண்டு மூடியின் மேல் என் பெயரை வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி வாங்கினார். பழக்க தோஷத்தில் அந்த ஆள் பக்கத்தில் ஒரு குடைப் படமும் போட்டுவிட்டார், நனையாமல் பார்த்துக்கொள்ளவும் என்பதற்கான குறி. பெயின்ட் காய்வதற்குள் முதலாளியிடமிருந்து ஆள் வந்தது.

பத்திநாதன் சார் தூத்துக்குடியில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். அடுத்த தொகுதிக்குப் பிரெஞ்சு நடத்த ஆளில்லை. இந்தப் பக்கத்தில் ஆள் கிடைப்பது லேசா? முதலாளிக்கு வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், நடுநடுவே இரண்டும். "ஏமி அம்மாயி" என்று எப்போதும் போலச் சிரித்தார். "ஒரே ஒரு வருசம். ஆள் கெடைக்கிற வரைக்கும். நீ படிச்சதத்தான சொல்லிக் குடுக்கப் போற. காலேஜ் எங்க போயிடப் போவுது?"

அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"நீங்க சொன்னாச் சரிங்க மொதலாளி" என்றார்.

முதலாளி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும், திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன். அம்மாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டபோது காரைக் கொடுத்தவர் அவர். அப்பாவுக்கு அவரை மறுத்துப் பேசத் தெரியாது, அவ்வளவுதான். பெட்டியைப் பரணில் ஏற்றினார்கள். குடைப் படம் கீழே தெரிகிற மாதிரி, சாய்த்து.

பதிவேட்டில் பத்திநாதன் சாரின் பெயரே இருந்தது. நான் அவருடைய தாள்களோடு, அதே விளையாட்டுச் சாமான் அறையில், என்னைவிட ஒரு வயதே இளைய பிள்ளைகளுக்கு முன்னால் புடவை கட்டி நின்றேன். புடவை கட்டத் தெரியாது, இடுப்பில் ஆறு ஊக்கு. பாடம் நடத்தவும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே வழி சார் வழி. எழுதுங்கள், பார்க்காமல் எழுதுங்கள், மறுபடி எழுதுங்கள். யாராவது கை தூக்கினால் போதும், உச்சரிப்புக்கு மார்க் கிடையாது என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். எனக்கு இந்த மொழி பேசத் தெரியாது என்று யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போல இருக்கும். யாரிடம் சொல்வது? கரும்பலகையில் என் பெயர் இருக்கிறதே.

ஒரு வருடம் என்றது இரண்டாயிற்று. தபால் வழியாகப் படியேன் என்றார்கள். மாட்டேன் என்று நின்றேன். தபாலில் சேர்ந்துவிட்டால் இங்கேயே கிடந்துவிடுவேன் என்று பயம். பிடிவாதம் பிடிக்க வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு, ஆகாத இடத்தில் பிடிவாதம் பிடிக்கிற ஆள் நான். மாலையில் வீட்டுக்கு வந்தால் மதுரை பஸ் போகும் சத்தம் மெயின் ரோட்டிலிருந்து கேட்கும். அதன் ஹாரன் தனியாகத் தெரியும் எனக்கு. காதைப் பொத்திக்கொள்வேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், உண்மையாகவே பொத்திக்கொண்டிருக்கிறேன்.

அந்த இரண்டாவது வருடம்தான் வெள்ளைக்காரர் வந்தார். பிரெஞ்சு பேசும் நாடுகளுக்குப் பேண்டேஜ் அனுப்ப முதலாளி ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். சரக்கைப் பார்வையிட வந்தவர் அசல் பிரெஞ்சுக்காரர். நெட்டை, முழங்கால்வரை கால்சட்டை, வெயிலில் சிவந்த மூக்கு. அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனாலும் முதலாளிக்கு என்னைக் காட்ட வேண்டுமே. ஆள் அனுப்பி என்னை வகுப்பிலிருந்து வரவழைத்தார்கள். பேக்கிங் ஹாலில் அத்தனை பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார்.

வெள்ளைக்காரர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நீளமாக, வழுக்கிக்கொண்டு போகிற சத்தம். அதில் ஒரு வார்த்தைகூட நான் எழுதிய வார்த்தை இல்லை. அப்பாவின் காதில், "அப்பா, தொண்ட கட்டிருக்குன்னு சொல்லுங்க" என்றேன்.

"பிள்ளைக்குத் தொண்ட கட்டிருக்கு மொதலாளி" என்றார் அப்பா. முதலாளி அதை ஆங்கிலத்தில் வெள்ளைக்காரருக்குச் சொன்னார். வெள்ளைக்காரர் நல்ல மனுஷர், ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு, கீழே கிடந்த அட்டைப்பெட்டியின் மடிப்பு ஒன்றைக் கிழித்தெடுத்து, பேனாவால் எழுதி என்னிடம் நீட்டினார். வணக்கம், எங்கே பிரெஞ்சு கற்றீர்கள் என்று கேட்டிருந்தார். போன உயிர் திரும்பி வந்தது. எழுத்தாக வந்தால் எனக்கு யாரும் நிகரில்லையே.

இங்கே, பள்ளிக்கூடத்தில் என்று எழுதிக் கொடுத்தேன். பாரிசைப் பார்த்ததுண்டா என்று அவர். இல்லை, மதுரையைப் பார்த்திருக்கிறேன் என்று நான். அவர் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்ததும் ஹாலே சிரித்தது. அட்டை அவர் கைக்கும் என் கைக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதினார். பாடம் நடத்துகிறேன் என்று எழுதிவிட்டு நிறுத்தியிருக்கலாம். அங்கே நின்ற யாராலும் அதைப் படிக்க முடியாது என்பது அந்த நிமிஷம் எனக்கு உறைத்தது. கை தானாக எழுதியது. நான் கணிதம் படிக்க விரும்பினேன். மதுரையில். பெட்டிகூட வாங்கியாயிற்று.

அவர் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். ஒரே ஒரு வரி எழுதினார்: யார் உங்களைத் தடுப்பது?

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு பக்கம் முதலாளி, பெருமை தாங்காத முகத்தோடு. இந்தப் பக்கம் அப்பா, கைகளைக் கட்டிக்கொண்டு. "என்னம்மா கேக்காரு?" என்றார் அப்பா மெதுவாக.

"பேக்கிங் நல்லாருக்குன்னு சொல்லுதாருப்பா."

வெள்ளைக்காரர் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். வருடக்கணக்கில் எழுதி எழுதிப் பழகிய வரிதான் கைக்கு வந்தது. இன்று வானிலை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அட்டையை மேசையில் வைத்து, எனக்குத் தலைவணங்கிவிட்டு, துணியின் கரை மடிப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த அட்டையை அப்பா எடுத்துக்கொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் சுவரில் தொங்கியது. கண்ணாடி போட்ட சட்டம், முருகன் படத்துக்கும் காலண்டருக்கும் நடுவில். ஒரு பக்கத்தில் அட்டையின் பழுப்புக் கிழிசல்கூட அப்படியே. வருகிறவர்களிடமெல்லாம் அப்பா காட்டினார். "வெள்ளக்காரனும் எம்மவளும் பேசினது. அம்புட்டும் பிரெஞ்சு." அவர்கள் பக்கத்தில் போய்ப் பார்த்து, எழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது என்பார்கள். கரண்ட் பில் வாங்க வந்தவர் வரை அதைப் பார்த்துவிட்டார். யார் உங்களைத் தடுப்பது என்கிற வரிக்கு நேர் கீழேதான் எங்கள் சாப்பாட்டு இடம். இரண்டு வருடம், மூன்று வேளையும், அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டேன். கழற்றச் சொல்ல முடியுமா? ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்?

மூன்றாவது வருடம் தைரியத்தைத் திரட்டி முதலாளியிடம் நானே போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "உன் மார்க்க இன்னொரு பிள்ளை எடுக்கட்டும்மா. அன்னைக்கே நீ போயிடலாம். அந்தப் பிள்ளை பாத்துக்கிடும்" என்றார்.

என் விடுதலைக்கு வழி சொல்லிவிட்டார் என்று துள்ளிக்கொண்டு வந்தேன். அந்தக் கடைசி வாக்கியம் பள்ளி மைதானத்தைத் தாண்டியபோதுதான் காதில் ஏறியது. ஏறியும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பிள்ளை யார் என்று தேடினேன்.

கலைச்செல்வி கிடைத்தாள். கான்சாபுரம். வீட்டில் விவசாயம், பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் வயல். ராஜபாளையத்தில் சித்தப்பா வீட்டில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தவள். ஒருமுறை பார்த்ததை மறக்காத பிள்ளை. விவசாயக் கல்லூரிக்குப் போக வேண்டும், அப்பாவின் வயலில் வேறு மாதிரிப் பயிர் செய்து பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும் சொல்வாள். அவளுக்குத் தனியாகத் தாள் தயாரித்தேன். சனிக்கிழமைகளிலும் வரச் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் பொறாமைப்பட்டார்கள், இவள் மேல் மிஸ்ஸுக்கு எவ்வளவு பிரியம் என்று. பிரியமா? ஜெயிலில் அடுத்த ஆளுக்குத் துணி அளவெடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டேதான் அவள் விட்ட கோடுகளுக்குச் சிவப்பு மை சுழித்தேன்.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை அவள் கேட்டாள், "மிஸ், நான் ஒங்க மார்க்கத் தாண்டிட்டா ஒங்களுக்கு வருத்தமா இருக்காதா?"

"சந்தோஷமாத்தான் இருக்கும்" என்றேன். அந்த வருடம் நான் அவளிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

நூற்றுத் தொண்ணூற்றைந்து வாங்கினாள்.

ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதுதான் முதல் தடவை. ஊரிலிருந்து வருகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறும்போது வாங்கிய பால்கோவா, சூடு ஆறாமல் இலையில். அன்று அப்பாவுக்கு வார லீவு. அம்மா தண்ணீர் கொடுத்தாள். கலைச்செல்வி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "மொதலாளி வரச்சொல்லி ஆள் விட்டிருக்காக மிஸ். எதுக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியலையே" என்றேன்.

அப்பாதான் பேச்சை மாற்றினார், பெருமையில். "ஏ தாயி, நீதான் பிரெஞ்சு படிச்ச பிள்ளையாச்சே. அதப் பாரு. வெள்ளக்காரனும் எம்மவளும் பேசினது."

அவள் எழுந்துபோய் சட்டத்துக்கு முன்னால் நின்றாள். அந்த வீட்டுக்கு வந்தவர்களில் அதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள். கண் வரிவரியாக இறங்குவதைப் பக்கவாட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் நின்றது. மறுபடி மேலே போய் வந்தது.

"சத்தமா வாசி தாயி" என்றார் அப்பா. "தமிழ்ல சொல்லு. எத்தன நாளா நெனச்சிட்டிருக்கேன், என்னதான் பேசினாகன்னு. இவ ஒருநாளும் சொன்னதில்ல."

கலைச்செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டியிருக்கலாம். ஒரு சின்ன அசைவு போதும், கெட்டிக்காரப் பிள்ளை, எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லியிருப்பாள். நான் ஆட்டவில்லை.

அவள் வாசித்தாள். வகுப்பில் மொழிபெயர்ப்பு வாசிக்கிற அதே குரலில், நிறுத்தி நிறுத்தி. மதுரையைப் பார்த்திருக்கிறேன் என்ற இடத்தில் அப்பா சிரித்தார். "நான் கணிதம் படிக்க விரும்பினேன். மதுரையில். பெட்டிகூட வாங்கியாயிற்று." அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "யார் உங்களைத் தடுப்பது?"

அப்பாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுக்க மறந்த மாதிரி. வேலிக்கு அப்பால் துணி உதறும் சத்தம் கேட்டது. அப்பா என்னைப் பார்க்காமல், அவளிடம்தான் கேட்டார்.

"அதுக்கு இவ என்ன எழுதிருக்கா?"

அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தன் பெயர் அதில் இருக்கிறதா என்று கேட்கிறார். எனக்கு அப்படியே ஓடிப்போய் அவர் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

"வானிலை நன்றாக இருக்கிறதுன்னு எழுதிருக்காங்கப்பா" என்றாள் கலைச்செல்வி.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கலைச்செல்வியைப் பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விட்டேன். வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், முதலாளி எதற்குக் கூப்பிடுகிறார், நான் எதற்காக அவளை அப்படிப் படிக்க வைத்தேன், எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ, "எங்கய்யா அதுக்கு விடமாட்டாக மிஸ். வெதைக்கு மாடு ஓட்டவே எங்கிட்டக் கேட்டுத்தான் ஓட்டுவாக" என்றாள். பஸ்ஸில் ஏறி ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். முதலாளியைப் பார்க்க அவள் போகவேயில்லை. கோயம்புத்தூரில் விவசாயம் படித்தாள் என்று அறிந்தேன்.

அப்பா மத்தியானம் திரும்பி வந்தார். முதலாளியிடம் என்ன பேசினார் என்று கடைசிவரை சொல்லவில்லை. வந்ததும் நாற்காலியைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். நான்கு வருடத் தூசி. ஈரத்துணியால் மூடியைத் துடைத்தார். என் பெயரை ஒருமுறை, அந்தக் குடைப் படத்தை ஒருமுறை.

"பொறவு பாத்துக்கிடலாம்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அந்த ஜூனில் நான் மதுரை போனேன். வகுப்பில் எல்லாரும் என்னை அக்கா என்றார்கள். அடுத்த மாதமே கம்பெனி வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பாவும் அம்மாவும் செட்டியார்பட்டியில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார்கள். முதலாளி போகச் சொல்லவில்லை, இவராகத்தான் வேலையை விட்டார் என்று அம்மா சொல்வாள். வேறொரு கம்பெனிக்குச் சைக்கிளில் போய் வந்தார், அங்கே அவர் சூப்பர்வைசர் இல்லை.

இப்போது அந்தப் பக்கம் போனால் எதுவும் அடையாளம் தெரியாது. கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். துணி காய்ந்த இடம் கார் நிறுத்தும் இடம். நான் மதுரைக்குப் போன அந்த வருடமே பள்ளியில் பிரெஞ்சை நிறுத்திவிட்டார்கள், நடத்த ஆளில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரோடு இருந்த பகையும் எப்படியோ மறந்துபோயிருக்கிறது. அப்பா போன பிறகு செட்டியார்பட்டி வீட்டை ஒழித்தபோது அந்தச் சட்டம் கிடைத்தது. உள்ளே நான் பட்டம் வாங்கிய போட்டோ இருந்தது. பின்னால் இருந்த ஆணிகளைப் பிடுங்கிப் பார்த்தேன். அட்டை அங்கே இல்லை. என்ன செய்தார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஹாஸ்டலில் இருந்த மூன்று வருடமும் அப்பா வாரம் ஒரு கடிதம் போடுவார். இன்லண்டு தாளில், அட்டைப்பெட்டிக்கு லேபிள் எழுதுகிற மாதிரிக் குண்டு குண்டான எழுத்து. எங்கள் வீட்டில் யாரும் வானிலை என்று சொன்னதே கிடையாது. வெயில் என்போம், மழை என்போம், காத்து என்போம். ஆனால் அப்பாவின் கடிதம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "இங்கு வானிலை நன்றாக இருக்கிறது. அங்கு எப்படி?" நானும் ஒழுங்காகப் பதில் எழுதுவேன். நன்றாக இருக்கிறது அப்பா, இங்கும் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு போன் வந்தது. அப்போதும் எடுத்ததும் அதைத்தான் கேட்டார். படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில், பெயர்களெல்லாம் மறந்துபோன பிறகும் என்னைப் பார்த்தால் அதைத்தான் கேட்டார்.

இன்று காலையில் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கைபேசி தானாகவே ஒலித்து இன்றைய வானிலையைச் சொன்னது. தெளிந்த வானம், முப்பத்திரண்டு டிகிரி. நன்றாகத்தான் இருக்கிறது அப்பா என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.